பர்கரை வீட்டில் செய்வோம்; கோலா உருண்டையின் கைப்பக்குவம் போதும்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். டியூஷன் போகிற வழியில் பர்கர் கடை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று இரண்டு முறை முயன்றேன். முதல் முறை ராஜ்மாவில் செய்த கட்லெட், தோசைக்கல்லில் போட்டதுமே உதிர்ந்து உப்புமா மாதிரி ஆகிவிட்டது. அடுத்த முறை உதிரக் கூடாதென்று உருளைக்கிழங்கும் பிரெட் தூளும் நிறையச் சேர்த்து, எண்ணெயில் பொரித்தேன். நன்றாக வந்தது. ஆனால், கடைப் பர்கருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தோன்றிவிட்டது. 'கோதுமை பன்', 'சிறுதானிய பன்' என்றெல்லாம் விற்கிறார்களே, அவற்றை நம்பி வாங்கலாமா? என் கணவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. அவரும் சாப்பிடலாம், பையனும் முகம் சுளிக்கக் கூடாது. அப்படி ஒரு பர்கருக்கு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டாவது முறை உங்களுக்கு வந்த சந்தேகம் சரியானது. வீட்டில் செய்துவிட்டால் மட்டும் ஒரு பண்டம் நல்லதாகிவிடாது. அதே மைதா, அதே பொரித்த கட்லெட், அதே பாட்டில் சாஸ் என்றால், கடைக்குப் போகும் பெட்ரோல் மிச்சம், அவ்வளவுதான்.

அதற்காகப் பர்கரையே பகையாளியாகப் பார்க்கவும் வேண்டாம். ஒரு ரொட்டி, நடுவில் பருப்போ கறியோ, கொஞ்சம் காய்கறி. இந்தச் சேர்க்கையில் தவறு ஏதுமில்லை. கெடுதல் நுழைவது நான்கு இடங்களில்: கட்லெட்டைப் பொரிப்பது, மயோனைஸ், மைதா பன், கூடவே வரும் சிப்ஸும் கோலாவும். இந்த நான்கையும் சரி செய்துவிட்டால் உங்கள் மகன் கேட்பது ஒரு முழுச் சாப்பாடுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்லெட் ஏன் உதிர்ந்தது?

ராஜ்மாவின் மேல் குற்றம் இல்லை. அதில் தங்கிய ஈரம்தான் காரணம். வெந்த பயறு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அதைச் சூட்டோடு மசித்தால் கூழாகிவிடும். கூழைக் கல்லில் போட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும்போது கட்லெட்டைப் பிளந்துவிடும். உருளைக்கிழங்கும் பிரெட் தூளும் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டன, அதனால் உதிரவில்லை. ஆனால், கட்லெட்டில் பாதிக்கு மேல் மாவுச்சத்தாகிப் போனது.

இதற்கான விடை நம் அடுப்படியிலேயே இருக்கிறது. கோலா உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கறியோ வாழைப்பூவோ, அதை உதிராமல் பிடித்து வைப்பது பொட்டுக்கடலை மாவு. அது ஏற்கெனவே வறுபட்டது. ஈரத்தைச் சட்டென்று இழுக்கும், பச்சை வாசனை அடிக்காது, புரதமும் சேரும். என் அம்மா கோலாவுக்குப் பிசையும்போது அளவுக் கரண்டி எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு பிடி எடுத்து அழுத்துவார். விரல் இடுக்கில் ஒட்டினால் இன்னும் ஒரு கை மாவு. ஓரத்தில் வெடித்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர். பர்கர் கட்லெட்டுக்கும் அதே பதம்தான். உருட்டி, தட்டையாகத் தட்டினால் வேலை முடிந்தது.

கொண்டைக்கடலை கட்லெட் (6 எண்ணிக்கை)

கறுப்போ வெள்ளையோ, 200 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். ஆனால், குழையக் கூடாது. நன்றாக வடித்து, ஒரு பருத்தித் துணியில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நீங்கள் விட்டது இந்த ஒரு வேலையைத்தான்.

ஆறிய கடலையை மிக்ஸியில் தண்ணீர் விடாமல், விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்றுங்கள். ஆமவடைக்கு அரைப்பது போல் கொரகொரப்பாக, ஆங்காங்கே அரைக் கடலை தெரிய வேண்டும். அதில் பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, துருவிப் பிழிந்த கேரட் ஒன்று, இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, அரை தேக்கரண்டி சீரகத்தூள், அரை தேக்கரண்டி உப்பு, 3 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசையுங்கள். ஆறு பங்காக்கி, பன்னைவிடச் சற்றே அகலமாகத் தட்டி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். குளிர்ந்தால் இறுகும்.

கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓட வேண்டும். அந்தச் சூட்டில் தீயை மிதமாக்கி, ஒரு கட்லெட்டுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் போடுங்கள். பிறகு நான்கு நிமிடம் கை வைக்காதீர்கள். அடிப்பக்கம் சிவந்ததும், வெந்த தோசை போலத் தானே கல்லை விட்டு விலகும். அதற்கு முன்னால் கரண்டியை நுழைத்தால் நிச்சயம் உடையும். திருப்பிப் போட்டு இன்னொரு நான்கு நிமிடம். ஒரு கட்லெட்டில் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்று அதிகம். நார்ச்சத்தும் தாராளம்.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால்

கடையில் தோல் நீக்கிய கோழிக்கறியைக் கொத்தித் தரச் சொல்லுங்கள். அரைக் கிலோவில் ஐந்து கட்லெட் வரும். நெஞ்சுக்கறி மட்டும் என்றால் வறண்டு போகும். தொடைக்கறியும் கலந்து கேளுங்கள். காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் வதக்கி நீரை வற்ற வைத்துக் கறியோடு சேர்த்தால் சாறு நிற்கும். கறியின் அளவையும் குறைத்துக்கொள்ளலாம். உப்பைக் கடைசியில் சேருங்கள். முன்னதாகவே சேர்த்துப் பிசைந்தால் ரப்பர் போல இழுக்கும். தட்டிய பின் நடுவில் கட்டை விரலால் ஒரு சிறு குழி அழுத்திவிடுங்கள். வேகும்போது நடு உப்பாமல் சமமாக வரும்.

கொத்திய கறியில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளேயும் கலந்துவிடும். அதனால் நடுப்பகுதியும் முழுதாக வேக வேண்டும். கோழிக்கு உட்புறச் சூடு 74 டிகிரி செல்சியஸ் வரவேண்டும். சமையல் வெப்பமானி இல்லையென்றால், ஒரு கட்லெட்டை நடுவில் பிளந்து பாருங்கள். இளஞ்சிவப்பு எங்கும் தெரியக் கூடாது.

வேலை மிச்சம் என்று சலாமி, சாசேஜ், ஹாம் ஆகியவற்றை நடுவில் வைத்துவிடாதீர்கள். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது.

மயோனைஸுக்கு மாற்று

பர்கரில் அதிகக் கலோரி ஒளிந்திருக்கும் இடம் இதுதான். சாதாரண மயோனைஸில் முக்கால் பங்கு எண்ணெய். பன்னின் இரு பக்கமும் இரண்டு மேசைக்கரண்டி தடவினால், கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி எண்ணெய் ஊற்றியதற்குச் சமம், 200 கலோரி. ஐந்து தேக்கரண்டி எண்ணெயை உங்கள் மகன் கண் முன்னால் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் காட்டுங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

பச்சை முட்டையில் செய்த மயோனைஸில் சால்மோனெல்லா கிருமியின் ஆபத்தும் உண்டு. அதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதன் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் ஓராண்டுத் தடை விதித்தது. வீட்டில் முட்டை அடித்து மயோனைஸ் செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாற்று எளிது. புளிக்காத தயிரைத் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் விடுங்கள். நீர் இறங்கி வெண்ணெய் போலத் திரளும். அதில் நசுக்கிய பூண்டு ஒரு பல், புதினா, மிளகுத்தூள், சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்தால் போதும். ஒரு நாள் மாற்றத்துக்குக் கெட்டியான வேர்க்கடலைச் சட்னி தடவிப் பாருங்கள். கொண்டைக்கடலை கட்லெட்டுக்கு அது அவ்வளவு பொருத்தம். தக்காளி சாஸ் வேண்டும் என்று பையன் கேட்டால் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது.

எந்த பன்னை வாங்குவது?

உறையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 'கோதுமை பன்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் முதல் சொல்லாக மைதா இருந்தால் அது மைதா பன்தான். பழுப்பு நிறத்தையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேரமல் நிறமி சேர்த்தாலே அந்த நிறம் வந்துவிடும். கேழ்வரகிலும் கம்பிலும் மாவை உப்பவைக்கும் குளூட்டன் கிடையாது. அதனால் சிறுதானிய பன் மெத்தென்று இருந்தால், பெரும்பாலும் அதில் மைதாதான் அதிகம் இருக்கும். எத்தனை சதவீதம் சிறுதானியம் என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த மெனக்கெடல் ஏன் என்றால், 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. முழுக்கோதுமை மாவில் சுமார் 11 கிராம் இருக்கிறது. நல்ல பன் கிடைக்கவில்லையா? மைதா பன்னையே வாங்கி, மேல் மூடியை எடுத்துவிட்டுத் திறந்த பர்கராகக் கொடுங்கள், மாவு பாதியாகிவிடும். அல்லது கனமான கோதுமைச் சப்பாத்தியில் மடித்துக் கொடுங்கள். எந்த பன்னானாலும் உள்பக்கத்தை வெறும் கல்லில் ஒரு நிமிடம் வாட்டுங்கள். சாறு இறங்கி நமுத்துப் போகாது.

காய்கறியைப் பெயருக்கு ஒரு வட்டம் வைத்தால் போதாது. கட்லெட் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் காயும் இருக்கட்டும். சன்னமாகச் சீவிய முட்டைக்கோஸ், எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறிய வெங்காயம், தக்காளி, வெள்ளரி. எல்லாவற்றையும் நன்றாகக் கழுவித் துடைத்து வையுங்கள்.

உங்கள் கணவருக்கு

அவருடைய தட்டில் உப்பைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிதான். பர்கரில் உப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. பன்னில் கொஞ்சம், சாஸில் கொஞ்சம், கட்லெட்டில் கொஞ்சம், சீஸ் துண்டில் நிறைய. எல்லாம் சேர்ந்தால் ஒரு பர்கரிலேயே 2 கிராமைத் தாண்டிவிடும். அவருக்குச் சீஸும் பாட்டில் சாஸும் வேண்டாம். தயிர் சாஸில் உப்பே போடாதீர்கள். பூண்டும் எலுமிச்சையும் மிளகும் அந்தக் குறையைத் தெரியவிடாது. பையனுக்குச் சீஸ் கட்டாயம் என்றால், மிளகு தூவிக் கல்லில் வாட்டிய பனீர் வில்லை ஒன்றை வையுங்கள்.

கூட என்ன தருவது?

300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை ஒரே பாட்டில் தாண்டிவிடுகிறது. மோர் கொடுங்கள். சிப்ஸ் இடத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, முக்கால் பதம் வேகவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மிளகாய்த்தூள் தூவிப் புரட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். பையனிடம் "இது சத்தான பர்கர்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்த வயதில் அந்தச் சொல்லைக் கேட்டாலே நாக்கு மரத்துவிடும். அவனைக் கூட்டி வைத்துக் கட்லெட் தட்டச் சொல்லுங்கள், பன்னை வாட்டச் சொல்லுங்கள், அடுக்குவதை அவனிடமே விடுங்கள். தன் கையால் அடுக்கியதைப் பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை. நண்பனுடைய பிறந்தநாளில் கடைப் பர்கர் சாப்பிட்டுவிட்டு வந்தால் கண்டிக்கவும் வேண்டாம். வாரம் இரண்டு என்பது மாதம் ஒன்று என்று குறைந்தால், அதுவே உங்களுக்கு வெற்றி.

கட்லெட்டைத் தட்டி, இடையில் வெண்ணெய்த்தாள் வைத்து ஃபிரீசரில் அடுக்கினால் ஒரு மாதம் வரை இருக்கும். டியூஷன் நாளில் பத்து நிமிட வேலைதான். வரும் சனிக்கிழமை இரவு கொண்டைக்கடலையை ஊறப் போடுங்கள். ஞாயிறு மதியம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.