பளபளப்பின் கணக்கு: ஒரு பட்டறைப் பாடம்

முன்னுரை

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்ற பழமொழிக்கு விளக்கம் எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் இருக்க முடியாது. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால், மின்னும் ஒரு பொருள் எதனால் மின்னுகிறது என்பதனைக் கிள்ளானில் உள்ள ஒரு சிறிய பட்டறையில்தான் கற்றுக்கொண்டேன். 2023-ஆம் ஆண்டு பருவ விடுமுறையில் பத்து வாரங்கள் அங்கே வேலை செய்தேன். அந்தப் பட்டறையில் எஞ்சினைத் தொடமாட்டார்கள். மகிழுந்தின் மேற்புறத்தைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுத்து, கீறல் நீக்கி, மெருகேற்றி, பாதுகாப்புப் பூச்சு இட்டுக் கொடுப்பார்கள். இதனை 'டீட்டெய்லிங்' என்கிறார்கள். தமிழில் நுண்பராமரிப்பு எனலாம்.

வாசக நண்பர்களே, நம்மில் பலர் வாரந்தோறும் வீட்டு வாசலில் காரைக் கழுவுகிறோம். அதே கையால் அதன் சாயத்தைக் கெடுத்தும் வருகிறோம். எனவே, அங்கு நான் கற்றவற்றை 1991-ஆம் ஆண்டுச் சிவப்பு மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை முன்வைத்து இங்கே விளக்குகிறேன். அந்தக் காரில் நான் செய்த ஒரு தவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சாயத்தின் தடிமன்

இன்றைய மகிழுந்தின் உலோகத்தின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் உள்ளன. முதலில் துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அடுத்து நிறம் தரும் சாயம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற 'கிளியர் கோட்'. நாம் காணும் பளபளப்பு இந்தக் கடைசி அடுக்கினுடையது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதும் அதுதான்.

தொழிற்சாலையில் அடித்த சாயம் மொத்தமாகவே சுமார் 100 முதல் 150 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் விரிவுரையில் குறிப்பெடுக்கும் ஏ4 தாள் சுமார் 100 மைக்ரோமீட்டர் இருக்கும். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரோமீட்டர். அதாவது, அரைத்தாள் கனம். அந்த அரைத்தாளை வைத்துக்கொண்டுதான் கார் தன் ஆயுள் முழுவதும் மின்ன வேண்டும்.

கீறலை 'நீக்குவது' என்கிறோமே, அது எப்படி நடக்கிறது? கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்புவதில்லை, அதன் இருபுறமும் உள்ள மேட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறோம். தேய்த்து எடுத்தது திரும்பி வராது. இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம் இதுவே.

கழுவுதல்

பட்டறை உரிமையாளரை நான் அண்ணன் என்றே அழைப்பேன். முதல் நாளே அவர் சொன்னது இது: "தம்பி, காடிய கழுவுறது சுலபம். ஆனா பாதிக் கீறல் அந்தக் கழுவுறதுலதான் வருது."

விளக்கொளியில் சாயத்தின்மேல் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்திலும் விளக்கைச் சுற்றி அப்படித் தெரியும். உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் ஓடும் நுண்கீறல்கள். ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் கண்ணுக்குப் படுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. மணலும் துணியும் சேர்ந்து போட்ட கோடுகள் அவை.

ஆகவே, கழுவும் முறை இதுதான். காரை நிழலில் நிறுத்தி, உடல் சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தளர்ந்த மணலை இறக்க வேண்டும். அடுத்து நுரை அடித்துச் சில நிமிடங்கள் ஊறவிட வேண்டும், நுரை காயக்கூடாது. பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசி மணலை உதறிவிட்டே மீண்டும் ஷாம்புவில் நனைக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். கீழ்ப்பகுதியில்தான் மணல் மிகுதி. சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டிருக்கும் வேக்ஸையும் கழுவிவிடும்; அதனைத் தவிர்க்க வேண்டும்.

எம்.எக்ஸ்-5 போன்ற துணிக்கூரைக் கார்களில் இன்னொரு கவனமும் தேவை. உயர் அழுத்தத் தண்ணீரைக் கூரையின் தையலில் நெருக்கமாகப் பாய்ச்சக் கூடாது. அந்தப் பழைய வகையின் பின்சன்னல் கண்ணாடியன்று, பிளாஸ்டிக். காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலே கீறிவிடும்.

ஒட்டிக்கொண்ட அழுக்கு

கழுவிய பிறகும் சாயம் வழவழப்பாக இருக்காது. மெல்லிய நெகிழிப்பைக்குள் விரல்களை விட்டுத் தடவிப் பாருங்கள், மணல்தாள்போல் உறுத்தும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், சாலைத் தார், மரப்பிசின் ஆகியவை சாயத்தில் ஒட்டி நிற்கின்றன. இரும்புத் துகளுக்கென ஒரு திரவம் உண்டு. அடித்ததும் அது இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். சக்கரத்தில் அதனை முதன்முதலில் அடித்தபோது, எவ்வளவு இரும்பு படிந்திருந்தது என்று கண்டு வியந்தேன். எஞ்சியதைக் களிமண்போன்ற 'கிளே' கட்டியால் எடுப்பார்கள். வழுக்கும் திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் குப்பையில் போட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கதவு முழுவதும் கோடு போட.

நம் நாட்டு வெயிலில் பறவை எச்சம் மிகப் பெரிய பகை. அது சூட்டில் காய்ந்து சாயத்தை அரித்துப் பள்ளமாக்கிவிடும். வாரக் கடைசிவரை காத்திருக்காமல், ஈரத்துணியால் ஊறவைத்து அன்றே எடுத்துவிடுவது நல்லது.

அளந்து பார்த்தல்

தேய்ப்பதற்கு முன் எவ்வளவு மீதம் உள்ளது என்று அறிய வேண்டும். அதற்குச் சாயத் தடிமன் அளக்கும் கருவி இருக்கிறது. இரும்பில் காந்த முறையில் அளக்கும். எம்.எக்ஸ்-5 காரின் பானெட்டோ அலுமினியம். குளிர்பெட்டிக் காந்தம்கூட அதில் ஒட்டாது. அங்கே சுழல் மின்னோட்ட முறையில் அளக்கும் கருவி வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் இரண்டுமே பயன்படா.

அந்தக் காரில் இன்னொரு சிறப்பும் இருந்தது. வெள்ளைத் துணியில் சிறிது காம்பவுண்ட் தடவி ஓரிடத்தில் தேய்த்தபோது துணி சிவந்தது. அதாவது, அந்தச் சிவப்பின்மேல் கிளியர் கோட் இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்தன. பழைய கார்களின் சில நிறங்களில் இப்படி உண்டு. நான் அதனைக் கவனித்தேன். ஆனால், அதன் பொருளை முழுமையாக உணரவில்லை.

மெருகேற்றுதல்

மெருகேற்றும் இயந்திரங்கள் பொதுவாக இரு வகை. ஒரே அச்சில் சுழல்வது ரோட்டரி. சுழன்றுகொண்டே அதிர்ந்து ஆடுவது இரட்டை இயக்க இயந்திரம். ரோட்டரி விரைவாக வெட்டும். ஓரிடத்தில் சூட்டையும் சேர்க்கும். மற்றது மெதுவானது, புதியவருக்குப் பாதுகாப்பானது. பஞ்சுப் பேடும் கலவையும் மென்மையானவையிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் அடிச் சதுரத்தில் சோதித்து, போதாவிட்டால் மட்டுமே ஒரு படி கடினமானதற்குப் போகலாம். கடினமான காம்பவுண்ட் சில மைக்ரோமீட்டர்களை எடுத்துவிடும். மெல்லிய போலிஷ் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாகவே எடுக்கும். நகம் மாட்டும் அளவு ஆழமான கீறலை முழுவதும் நீக்க முயலக்கூடாது. அதன் கூர்மையை மழுக்கிவிட்டு நிறுத்துவதே அறிவு.

ஸ்போர்ட்ஸ் கார்களில் வளைவும் விளிம்பும் அதிகம். ஈரச் சாயம் விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால், அங்கே அது மெலிந்தே காயும். தடிமன் கருவியும் தட்டையான இடத்தில்தான் சரியாக அளக்கும். ஆகவே, விளிம்புகளை முதலில் ஒட்டுநாடாவால் மூட வேண்டும்.

நான் செய்த தவறு

அந்தக் காரின் உரிமையாளர் ஓய்வு பெற்ற பொறியாளர். 1996-இல் பழைய காராக வாங்கியது. ஒருமுறைகூட மறுசாயம் அடிக்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அன்று அண்ணன் மதிய உணவுக்குப் போயிருந்தார். பானெட் மட்டும் மீதி. மற்ற இயந்திரம் மெதுவாக இருக்கிறதென்று, கேட்காமலே ரோட்டரியை எடுத்தேன். பானெட்டின் நடுப்பகுதி கண்ணாடிபோல் வந்ததும் துணிச்சல் வந்துவிட்டது. விளக்கு மேலெழும் இடத்தில் பானெட் வெட்டி முடியும் மூலைக்குப் போனேன். நாடா ஒட்டவில்லை.

'பேடில் நிறம் வந்தால் உடனே நிறுத்து' என்பது பட்டறை விதி. கிளியர் கோட் உள்ள காரில் அந்த விதி காப்பாற்றும். இந்தக் காரிலோ காலையிலிருந்து பேட் சிவப்பாகத்தான் இருந்தது. நான் கண்டுகொள்ளவேண்டிய எச்சரிக்கை எனக்கு வழக்கமாகிப்போயிருந்தது. இயந்திரத்தைத் தூக்கியபோது, அந்த மூலையில் அரிசி அளவுக்குச் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது.

அலமாரியில் சிவப்பு டச்-அப் சாயம் இருந்தது. ஒரு சொட்டு வைத்தால் மாலை வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. மூடியைத் திறக்கவும் செய்தேன். அப்போது அண்ணன் வந்துவிட்டார். என் கையையும் பானெட்டையும் பார்த்தார். திட்டவில்லை. "இத நீயே அங்கிள்கிட்ட சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்," என்றார்.

மாலை ஆறு மணிக்கு அங்கிள் வந்தார். நான் மூலையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பானெட் முழுவதும் தம் செலவில் மறுசாயம் அடித்துத் தருவதாக அண்ணன் சொன்னார். அங்கிள் தலையசைத்து மறுத்துவிட்டார். "அடிச்சா புதுசா இருக்கும். ஆனா அப்புறம் இது அந்தப் பழைய சாயம் இல்லையே, தம்பி. இந்த மூலையில நானும் எத்தனையோ தடவ தேய்ச்சிருக்கேன். உன் கையில முடிஞ்சிருச்சு." பிறகு, அந்த டச்-அப் சாயத்தைத் தம் எதிரிலேயே வைக்கச் சொன்னார். கை நடுங்க வைத்தேன். அண்ணன் அன்று கூலி வாங்கவில்லை.

மறைத்திருந்தால் அதே சொட்டுத்தான் அதே இடத்தில் இருந்திருக்கும். ஆனால், அடுத்து அந்தக் காரை மெருகேற்றுபவருக்கு அந்த மூலையில் சாயம் இல்லை என்பது தெரியாமலே போயிருக்கும்.

பாதுகாப்புப் பூச்சு

மெருகேற்றிய பின் பூச்சு இடுகிறோம். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா வேக்ஸ் நல்ல பொலிவு தரும். நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களே நிற்கும். செயற்கை சீலண்ட் சில மாதங்கள் தாங்கும். செராமிக் பூச்சு அதனினும் நெடுநாள் நிற்கும். நீரும் அழுக்கும் எளிதில் வழுக்கிப்போகும். ஆனால், அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்தான். விளம்பரத்தில் வரும் '9எச்' பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தை உச்சியில் வைக்கும் கனிமக் கடினத்தன்மை அளவு வேறு. ஆகவே, கல்லடியைச் செராமிக் தடுக்காது. தாழ்ந்த மூக்குள்ள ஸ்போர்ட்ஸ் காருக்குக் கல்லடி பயம் மிகுதி. அதற்குச் சுமார் 150 முதல் 200 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம் ஒட்டுவதே வழி.

முடிவுரை

நம்மில் பலரிடம் இருப்பது பழைய புரோட்டோனோ பெரோடுவாவோதான். அதற்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இரண்டு வாளிகள், ஒரு நல்ல கையுறை, இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், நிழலான இடம், சில மாதங்களுக்கு ஒருமுறை வேக்ஸ்: பெரும்பாலான கார்களுக்கு இவை போதும். இயந்திரத்தை எடுப்பதற்கு முன், 'இது தேவையா, எவ்வளவு மீதம் உள்ளது' என்று இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் நாளில் அண்ணன் எனக்குச் சம்பளத்தோடு ஒரு சுருள் ஒட்டுநாடாவும் கொடுத்தார். இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மூலை நினைவுக்கு வருகிறது.