பத்து கோர் என்றால் பத்துப் பங்கு வேகமா?

ரிச்சி தெருவிலும் சரி, தி.நகர் உஸ்மான் சாலையிலும் சரி, லேப்டாப் வாங்க வருகிறவரை மடக்க இப்போது ஒரு வாசகம் போதும்: "பத்து கோர் சார்!" 2021 வரை இன்டெல் ஐ5 போட்ட மெல்லிய லேப்டாப்பில் நான்கு கோர்தான் வழக்கம். கிட்டத்தட்ட அதே காசுக்குப் பத்து என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் சிஸ்டம் அசெம்பிள் செய்பவர்களிடம் போனால் பேச்சு தலைகீழ்: "அதுல பாதிக்கு மேல டம்மி சார். எல்லாம் சின்ன கோர்." இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை.

நடந்தது இதுதான். இன்டெல் 2021 நவம்பரில் 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு லேப்டாப்புக்கும் வந்தது. வேகத்துக்கான பெரிய கோர், சிக்கனத்துக்கான சின்ன கோர் என்று இரண்டு வகையை ஒரே சில்லில் சேர்த்தார்கள். யோசனை புதிதல்ல. ஆர்ம் நிறுவனம் 2011லேயே இதை அறிவித்தது. செல்போன்களில் எட்டு கோர் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். 2020ல் ஆப்பிளின் எம்1 நான்கு பெரியது, நான்கு சின்னது என்று வந்தது.

பெரியது, சின்னது என்பதன் பொருளை அடையாறு பக்கம் ஐஐடி மெட்ராஸில் உருவான 'சக்தி' ப்ராசசர் குடும்பத்திலேயே பார்க்கலாம். பேராசிரியர் காமகோடி தலைமையில் வளர்ந்த அந்தத் திட்டத்தில் 'இ-கிளாஸ்' கோர் சின்னக் கருவிகளுக்கானது. கட்டளைகளை வந்த வரிசையிலேயே மூன்று கட்டங்களில் முடித்துவிடும். 'ஐ-கிளாஸ்' அப்படியல்ல. பின்னால் வரும் கட்டளைகளையும் நோட்டம்விட்டு, எது தயாரோ அதை முதலில் முடிக்கும். அந்த நோட்டத்துக்கு இடமும் மின்சாரமும் செலவாகும். இன்டெலின் சின்ன கோரும் நோட்டம் விடுகிறதுதான். ஆனால் 12ஆம் தலைமுறையில் பெரிய கோர் ஒரே சமயத்தில் 512 கட்டளைகள் வரை கையில் வைத்திருந்தது, சின்னது 256. அதற்கேற்ப இடமும் குறைவு: ஒரு பெரிய கோர் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய நான்கு சின்ன கோர்கள் உட்கார்ந்துவிடும். எண்ணிக்கை திடீரென்று ஏறிய ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கை: கோர் கூடினால் வேகம் கூடும்.

கபாலீசுவரர் கோயில் தேர் வடத்தை எத்தனை கை பிடித்தாலும் லாபம். ஊசியில் நூல் கோக்கப் பத்துப் பேர் கூடினால் இடைஞ்சல்தான். மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி ஊசி வேலை. பில் போடுவது, வருமான வரித் தளத்தில் ஒரு பக்கம் திறப்பது, வேர்டில் தட்டுவது எல்லாம் ஓரிரு கோர்களின் வேகத்தையே நம்பியிருக்கின்றன.

கடைக்காரர் சொல்லும் அந்தப் பத்து கோர் பெரும்பாலும் ஐ5-1235யு மாதிரி ஒன்று. அதில் பெரியவை 2, சின்னவை 8. பெரிய கோர் உச்சத்தில் 4.4 கிகாஹெர்ட்ஸ், சின்னது 3.3. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசசர்களைக் காட்டச் சொன்னால் 12 கட்டங்கள் தெரியும். முதல் நான்கும் அந்த இரண்டு பெரிய கோர்களுடையவை, ஒன்றுக்கு இரண்டு. மிச்ச எட்டும் சின்னவை. பிரவுசரில் ஒரு கனமான பக்கத்தைத் திறந்தால் எந்தக் கட்டம் துள்ளுகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிடக் குழப்பமான ஜோடி ஐ3-ல் இருக்கிறது. ஐ3-1215யுவில் 6 கோர்: பெரியவை 2, சின்னவை 4. ஐ3-என்305ல் 8 கோர். எட்டுமே சின்னவை, பெரியது ஒன்றுகூட இல்லை. அட்டைப்பெட்டியில் இரண்டுக்கும் 'ஐ3' என்றுதான் பெயர். எட்டு பெரிதா, ஆறு பெரிதா என்று மட்டும் பார்ப்பவர் எட்டைத் தூக்கிக்கொண்டு போவார். அன்றாட வேலைக்குச் சட்டென்று எழுந்து நிற்பது ஆறு கோர்காரன்தான். பெயர் வைப்பதில் நிறுவனம் காட்டியிருக்கும் இந்தத் தாராளத்தைப் பாராட்ட முடியவில்லை.

நம்பிக்கை: சின்ன கோர் வெறும் டம்மி.

இல்லை. 12ஆம் தலைமுறையின் சின்ன கோரை இன்டெல் தன் 2015ஆம் ஆண்டு ஸ்கைலேக் பெரிய கோரோடுதான் ஒப்பிட்டது. நகரத்து அலுவலகங்களில் அந்தக் காலத்து நான்கு கோர் ஐ5 டெஸ்க்டாப்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023ல் வந்த என்100 என்ற 6 வாட் ப்ராசசரில் இருப்பது வெறும் நான்கு சின்ன கோர்கள். வேலையில் அது ஏறக்குறைய அந்த ஐ5க்கு ஈடுகொடுக்கிறது. கவுன்ட்டரில் பில் போடவும், கரன்ட் போனால் சின்ன யுபிஎஸ்ஸில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கவும் இது தோதானது.

இரண்டு வகையும் கலந்த ஹைப்ரிட் ப்ராசசரில் சின்ன கோரின் உபயோகம் முன்னால் தெரியாது. ஆன்டிவைரஸ் துழாவுகிறது, அப்டேட் இறங்குகிறது, கூகுள் டிரைவ் படங்களை ஏற்றுகிறது. இந்தப் பின்னணி வேலைகளை அவை வாங்கிக்கொள்வதால் ஜூம் வகுப்பு நடுவில் "ஹேங் ஆகுது" என்ற கூச்சல் குறையும். எந்த வேலை எங்கே போக வேண்டும் என்று ப்ராசசர் தரும் குறிப்பை விண்டோஸ் 11தான் சரியாகப் படிக்கிறது. 12ஆம் தலைமுறை மெஷினில் விண்டோஸ் 10 போட்டு வைத்திருப்பவர்கள் அந்த லாபத்தைப் பெரும்பாலும் இழக்கிறார்கள். அந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு ஜன்னலைச் சுருக்கினால், விண்டோஸ் அதைப் பின்னணி வேலை என்று எண்ணிச் சில சமயம் சின்ன கோர்களிடமே தள்ளிவிடும். பவர் அமைப்பை மாற்றினால், அல்லது ஜன்னலைச் சுருக்காமல் விட்டால், பெரும்பாலும் சரியாகும்.

நம்பிக்கை: சிக்கன கோர் இருந்தால் சார்ஜ் நாள் முழுக்க நிற்கும்.

விளம்பரம் அதிகம் ஏமாற்றும் இடம் இது. லேப்டாப் பேட்டரியைக் குடிப்பதில் திரைக்குப் பெரிய பங்கு. யூடியூப் படத்தை விரிப்பதற்குப் பெரும்பாலும் சில்லில் தனிப் பகுதியே உண்டு. அங்கே பெரிய கோர், சின்ன கோர் இரண்டுக்குமே அதிக வேலை இல்லை. 15 வாட் என்று எழுதியிருக்கும் ஐ5-1235யு, அவசரத்துக்கு 55 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெலே குறித்திருக்கிறது. 12ஆம் தலைமுறையில் சின்ன கோர் வந்ததன் முக்கிய லாபம், குறைந்த இடத்தில் நிறைய வேலை வாங்குவது. பேட்டரி பேச்சு நிஜமாகத் தொடங்கியது பிறகுதான். 2023 டிசம்பரில் வந்த கோர் அல்ட்ராவில் இரண்டு சின்ன கோர்களைத் தனித் துண்டில் வைத்து, மற்றவற்றை உறங்கவிட வழி செய்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் பெரியது 4, சின்னது 4. அதில்தான் வித்தியாசம் கைக்குத் தெரிந்தது. விலையிலும் தெரிந்தது.

நம்பிக்கை: பயாஸில் சின்ன கோரை அணைத்தால் கேம் பறக்கும்.

2021ல் இதற்கு ஒரு காரணம் இருந்தது. திருட்டுப் பிரதித் தடுப்பு மென்பொருள் சில, சின்ன கோரை வேறொரு கம்ப்யூட்டர் என்று நினைத்து ஐம்பது விளையாட்டுகள் போல முடக்கின. சில மாதங்களில் அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்து இன்றும் அணைத்து வைத்திருப்பவர்கள், காசு கொடுத்து வாங்கியதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கடையில் "எத்தனை கோர்?" என்று கேட்காதீர்கள். "பெரிய கோர் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மாடல் எண்ணை முழுதாக வாங்கி, கையிலிருக்கும் போனிலேயே இன்டெல் தளத்தில் தேடிப் பாருங்கள். பி (பெரியது) எத்தனை, இ (சின்னது) எத்தனை என்று பிரித்துப் போட்டிருக்கும். பிள்ளைகளின் படிப்பு, வங்கி வேலை, படம் பார்ப்பது ஆகியவற்றுக்கு 2 பெரிய, 4 சின்ன கோர் உள்ள ஐ3 போதும். மிச்சமாகும் காசில் ராமை 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம்.