அட்சக்கோடும் அகலக்கோடும்: பள்ளிப் புவியியற் கலைச்சொற்கள் குறித்த ஓர் ஆய்வு

உலக உருண்டையைக் கோடுகளால் பகுத்துக் காட்டும் பாடத்தைத் தமிழ்வழிக் கற்கும் சிறார்க்கு இரு சொற்றொகுதிகள் வழக்கில் உள்ளன. தமிழகப் பாடநூல்கள் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, நிலநடுக்கோடு எனக் குறிப்பனவற்றை இலங்கைப் பாடநூல்கள் அகலக்கோடு, நெடுங்கோடு, மத்தியகோடு எனக் குறிக்கின்றன. ஒரு பொருட்குப் பல சொல் அமைவது தமிழுக்குப் புதிதன்று. எனினும், இலங்கையிலிருந்து ஏதிலியராக வந்து தமிழகப் பள்ளியிற் சேரும் பிள்ளைக்கு, கற்ற பாடமே கல்லாத பாடமாகத் தோன்ற இவ்வேறுபாடு இடந்தருகிறது. இத்தொகுதிகளுள் எது சிறந்தது என்பதினும், எச்சொல் எதனைப் புலப்படுத்துகிறது, எதனை மறைக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

அகலம், நெடுமை என்னும் இலங்கை வழக்கு இலத்தீன் சொற்பொருளைத் தழுவியது. பண்டைக் கிரேக்கர் அறிந்த உலகம் கிழக்குமேற்காக நீண்டும் வடக்குத்தெற்காகக் குறுகியும் இருந்தமையால், முன்னது நீளம், பின்னது அகலம் எனப்பட்டன. ஆகவே, அகலம் என்பது அளவின் பெயர், கோட்டின் பெயரன்று. தமிழில் ‘கோடு’ என்பது சேர்ந்ததும் பொருள் திரிகிறது. குறுக்கே கிடப்பதால் அகலக்கோடு, நிமிர்ந்து நிற்பதால் நெடுங்கோடு எனச் சிறார் கொள்ள ஏதுவாகிறது. நெடுமை நீளத்தையும் உயரத்தையும் ஒருங்கே உணர்த்துவதால் இக்கருத்து படத்தோடு பொருந்தியும் விடுகிறது. எண் வரும்போதே இடர்ப்பாடு தோன்றும். அகலக்கோட்டின் வழியே கிழக்கே எவ்வளவு சென்றாலும் அதன் எண் மாறுவதில்லை. மத்தியகோட்டிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ சென்றால்தான் எண் மிகும்.

தமிழக வழக்கில் இம்மயக்கம் குறைவு; ஆனால் விளக்கமும் குறைவு. ‘அட்சம்’ என்னும் வடசொல் ‘அச்சு’ என்பதனோடு உறவுடையது. புவி தன் அச்சில் சுழல்கிறது, அவ்வச்சுக்குச் செங்குத்தாக அமைந்த வட்டங்களே அட்சக்கோடுகள் என்று ஆசிரியர் ஒருமுறை கூறிவிட்டால் சொல்லே பாடமாகிவிடும். கூறாதவிடத்து அது வெறும் ஒலியாக நின்றுவிடுகிறது. அட்சக்கோடுகள் 181, தீர்க்கக்கோடுகள் 360 என ஒப்புவிக்கும் பயிற்சியும் இத்தகையதே. ஒரு பாகைக்கு ஒரு கோடு எனக் கொண்டால்தான் இவ்வெண்கள் வரும். அரைப்பாகைக்கு ஒன்றாக வரைந்தால் வேறாகும். அந்த 181இல் இரண்டு கோடுகளே அல்ல, துருவப் புள்ளிகள்.

எனவே, கோட்டைக் காட்டுமுன் கோணத்தைக் காட்டுதல் வேண்டும். புவியின் மையத்திலிருந்து அளக்கப்படும் பாகையே அடிப்படை. கோடு அதன் அடையாளம். இரு நாட்டுச் சிறார்க்கும் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ 80 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டி அமைந்தவை. முன்னது 13 பாகை வடக்கிலும், பின்னது 9 பாகை 40 கலை வடக்கிலும் உள்ளன. ஒரு பாகை அட்சத்துக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதைக் கொண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சற்றேறக்குறைய 370 முதல் 380 கிலோமீட்டர் எனச் சிறாரே கணித்துவிடலாம். தீர்க்கத்துக்கு இக்கணக்கு எங்கும் ஒருபடியாகச் செல்லாது. நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக உள்ள இடைவெளி 60 பாகை அட்சத்தில் பாதியாகித் துருவத்தில் இல்லாதொழிகிறது. உரித்த ஆரஞ்சுச் சுளைகள் இதனை எப்படத்தினும் நன்கு காட்டும்.

நிலநடுக்கோட்டைப் புவியின் சுழற்சியே தந்தது. (பெயரில் நிலம் இருப்பினும் அதன் பெரும்பகுதி கடல்மேற் செல்வதைச் சுட்டுதல் நன்று.) சுழிப் பாகைத் தீர்க்கக்கோடோ மாந்தர் தெரிவு. 1884இல் வாசிங்டனில் கூடிய மாநாட்டில் 25 நாடுகள் பங்கேற்க, கிரீன்விச் வாக்கெடுப்பால் ஏற்கப்பட்டது, பிரான்சு வாக்களிக்கவில்லை. அதற்குப் பன்னூற்றாண்டு முன்பே இந்திய வானநூலார் உச்சயினி வழியாகச் செல்லும் கோட்டை முதலாகக் கொண்டு கணித்தனர். ‘முதன்மைத் தீர்க்கக்கோடு’ என்னும் தொடர் இத்தெரிவை இயற்கை போலத் தோற்றுவிக்கிறது. உச்சயினிக் கோடு நிலநடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்தை அந்நூலார் இலங்கை என்றனர். இன்றைய இலங்கைத் தீவோ ஏறத்தாழ 6 முதல் 10 பாகை வடக்கில் உள்ளது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதவாறு வகுப்பிலேயே பிரித்துக் காட்டுதல் வேண்டும்.