மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டம் முடிந்து திட்டில் உட்கார்ந்திருக்கும்போது, யாராவது ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து உட்காரும். “அங்கிள், ஜனவரியில ஃபுல் மாரத்தான் ஓடலாம்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கறது?” எனக்கு இப்போது 62 வயது. ஓடத் தொடங்கியது 48இல். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஓட்டத்தை விட்டுப் போனவர்களை எண்ணிப் பார்க்கிறேன். சோம்பலால் விட்டவர்கள் சிலர்தான். ஆசை மிகுந்து, அவசரப்பட்டு, அடிபட்டு விட்டவர்களே அதிகம். அந்த முகங்கள் மனசில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1. இதுவரை ஓடாதவர் என்றால் வருகிற ஜனவரிக்குப் பேர் கொடுக்காதீர்கள், அதற்கடுத்த ஜனவரிக்குக் கொடுங்கள். முதல் ஆண்டில் பத்து கிலோமீட்டர், பிறகு ஒரு ஹாஃப், அவ்வளவு போதும். 42.195 கிலோமீட்டர் ஓட நமக்கு 40,000 தப்படிக்கு மேல் ஆகும். ஒவ்வொரு தப்படியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பளு ஒற்றைக் காலில் இறங்குகிறது. அவசரம் எதற்கு? லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங் தம் முதல் மாரத்தானை 2000ஆம் ஆண்டில், 89 வயதில் ஓடினார். நாற்பது தாண்டியவர்களும், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களும், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்களும் ஷூ வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

2. நான் சொல்வதில் இது ஒன்றையாவது மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கி ஆறேழு வாரத்தில் மூச்சிரைப்பு அடங்கிவிடும். இதயமும் தசையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பழக மாதக்கணக்காகும். எலும்பின் வழி வேறு. புதுப் பளு விழுந்ததும் அது முதலில் தன் பழைய திசுவைக் கரைத்து அகற்றுகிறது. அதன் பிறகே அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகிறது. ஓட்டு வீட்டில் குடியிருந்துகொண்டே பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்புகிற மாதிரி. இடித்ததற்கும் எழுப்பியதற்கும் நடுவே சில வாரங்கள் எலும்பு முன்னைவிட வலுக்குறைந்து நிற்கிறது. அந்த வாரங்களில்தான், மூச்சு நன்றாகிவிட்ட தெம்பில், நாம் தூரத்தைக் கூட்டுகிறோம்.

எனக்கு நேர்ந்ததும் அதுதான். ஓடத் தொடங்கிய மூன்றாவது மாதம், 14 கிலோமீட்டரிலிருந்து ஒரே வாரத்தில் 21க்குத் தாவினேன். மூச்சு வாங்கவே இல்லை. பறப்பதுபோல் இருந்தது. பத்து நாள் கழித்து வலது முன்கால் எலும்பின் உள்விளிம்பில் ஓர் இடத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில், வலி. எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். நுண்ணிய விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதை எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வாரம் ஓட்டமில்லை. பேர் கொடுத்திருந்த பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் தொண்டை அடைத்திருந்தது.

ஆகவே, உடம்பு லேசாகிவிட்டது என்று தோன்றும் அந்த இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். அந்த வாரத்தில் கால் துறுதுறுவென்று இருக்கும். இருக்கட்டும்.

3. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். வாக்கியம் உடைந்தால் வேகம் கூடிவிட்டது. தனியாக ஓடுகிறவர்கள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள். கென்யாவின் எலியட் கிப்சோகே 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் ஓடியவர். அவரே வாரத்தின் பெரும்பகுதியை, பந்தய வேகத்துக்கு வெகு கீழே, நிதானமாகத்தான் ஓடுகிறார். நம் பிள்ளைகளோ தினமும் கைக்கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள். முதல் ஆண்டில் வேகப் பயிற்சி எதுவும் வேண்டாம். நடந்து நடந்து ஓடுவதில் வெட்கமும் வேண்டாம். நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பவர்கள் என்னைத் தாண்டிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

4. வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டலாம் என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். நானும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தின் மொத்தத் தூரம் கூடியதைவிட, ஒரே நாள் தாவல்தான் அடிபடுவதோடு ஒட்டி நின்றது. முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் கூட்டியவர்கள் கூடுதலாக அடிபட்டார்கள். எனவே உங்கள் கண் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் மேல் இருக்கட்டும். 10 கிலோமீட்டரில் தொடங்கி ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 30ஐத் தொடப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். நான்காவது வாரத்து இளைப்பாறலையும் சேர்த்தால் பதினாறு வாரம். ஜனவரிப் பந்தயத்துக்கு ஆகஸ்ட்டிலேயே பத்து கிலோமீட்டர் கைவசம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான். காய்ச்சலிலோ வடகிழக்குப் பருவமழையிலோ இரண்டு வாரம் போய்விட்டால் விட்ட தூரத்தைச் சேர்த்து ஓடி ஈடுகட்டாதீர்கள். போனது போனதுதான். பயிற்சியில் 30, 32க்கு மேல் போகத் தேவையில்லை. மெதுவாக ஓடுகிறவர்கள் மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. வலியைப் பிரித்தறியப் பழகுங்கள். இரண்டு தொடையும் ஒன்றுபோலக் கனத்து, இரண்டு நாளில் போய்விட்டால் அது உழைத்த அசதி. ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், நாளுக்கு நாள் கூடினால் நிறுத்துங்கள். முன்கால் எலும்பின் ஓரமாக நீளத்துக்கு வலித்தால் பெரும்பாலும் ஷின் வலி. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு காசு அளவு இடத்தில் குத்தினால், அந்தக் காலில் நொண்டியடித்தால் சுரீர் என்றால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், மறுநாளே எலும்பு மருத்துவரிடம் போங்கள். இடுப்பு மடிப்பில் ஆழமாக வலித்தால் இன்னும் அவசரம். தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் பொல்லாதது. காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் தைத்ததுபோல் இருந்தால் அது பாதத்தின் அடியிலுள்ள திசுப்பட்டையின் வலி. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் இருந்து, கெண்டைக்காலை நீட்டி, பொறுமையாக இருந்தால் சரியாகும். பொறுமை என்பது இதில் மாதக்கணக்கு. நொண்டிக்கொண்டு ஓடவே கூடாது. நொண்டும்போது மறுகாலும் கெடும்.

6. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓடாதீர்கள். ஐபுப்ரோஃபென் போன்றவை வலியை மறைத்துவிடும். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

7. வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம், கால் வலுவுக்கு ஒதுக்குங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குவது, முழங்கால் நேராக ஒரு முறை, மடக்கி ஒரு முறை. தோப்புக்கரணம். ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குவது. பிறகு தூக்கம். ஏழு மணி நேரம் தூங்காதவர் மறுநாள் லாங் ரன்னைத் தள்ளிப் போடலாம்.

8. சென்னைப் பிள்ளைகளுக்கு வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் காலை ஐந்து மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியுமே தவிரக் காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. வழக்கமான வேகத்திலேயே இதயம் கூடுதலாகத் துடிக்கும். அந்த மாதங்களில் வேகத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தை மட்டும் பாருங்கள். தலை சுற்றினால், உடம்பு சில்லிட்டாற்போல் மயிர்க்கூச்செறிந்தால், பேச்சு குழறினால், அங்கேயே நின்று நிழலில் உட்கார்ந்து தண்ணீரைத் தலையில் ஊற்றச் சொல்லுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பயந்துபோய்த் தாகமில்லாமலே குடம் குடமாகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து மிகுதி. லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும், கூடவே கூடாது. தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஓ.ஆர்.எஸ். கரைசல், முடிந்த பிறகு உப்புப் போட்ட மோர்.

9. பெண் பிள்ளைகளிடம் இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. ஓட்டம் கூடி மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ அதை வசதி என்று நினைக்காதீர்கள். உண்பது ஓடுவதற்குப் போதவில்லை, எலும்பு தேய்கிறது என்று உடம்பு சொல்கிறது. இரும்புச்சத்தையும் சோதித்துப் பாருங்கள். இளைப்பதற்காக ஓட வந்த ஆண்களுக்கும் சொல்கிறேன்: தூரத்தைக் கூட்டும் மாதங்களில் சோற்றைக் குறைக்காதீர்கள்.

10. ஷூ காலுக்கு வசதியாக, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டு இருக்கட்டும். 500லிருந்து 800 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். மெரினாவின் பொதி மணலில் நீண்ட ஓட்டம் வேண்டாம், குதிகால் நாண் இழுத்துக்கொள்ளும். சாலையில் எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். திரும்பி வரும்போது சரிவு மறுகாலுக்கு மாறும்படி ஓடுங்கள், வண்டிகளைப் பார்த்துக்கொண்டு.

11. பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அன்று காலை முதல் பத்து கிலோமீட்டர் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். 30க்கு மேல் உடம்பின் மாவுச்சத்து இருப்பு வற்றும்போது பார்க்கலாம். வலி கூர்மையாகி நடை மாறினால் 38ஆவது கிலோமீட்டரானாலும் விலகுங்கள். முடித்தவர்கள் இரண்டு வாரம் ஓட வேண்டாம். நடங்கள், நீந்துங்கள். மூன்றாவது வாரம் மூன்று கிலோமீட்டர், கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். எங்காவது வலித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே திட்டுப் பக்கம் வந்து என்னிடம் சொல்லுங்கள்.