புதுச் செயலாளருக்குப் பழைய செயலாளர் சொல்லிவைப்பது

தாம்பரத்தைச் சுற்றியுள்ள நகர்களில் குடியிருப்போர் நலச்சங்கத் தேர்தல் முடிந்து புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வாழ்த்து. மாலையும் சால்வையும் வாங்கியாயிற்று. இனி வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் புகார் வருகிறது என்று அர்த்தம். கேட்காமலே சில யோசனைகள் சொல்கிறேன். வயதானவன் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் வாரத்தில் யாரையும் போய்ப் பார்க்காதீர்கள். பைலாவை உட்கார்ந்து படியுங்கள். நம் சங்கங்கள் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் பலகையில் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன. தாக்கல் நின்று வருடக்கணக்காகியிருக்கும். வழக்கு என்று ஒன்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். நம் கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த இடத்திலேயே தொங்கிப்போகும்.

பைலாவில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவாருங்கள். சொந்த வீட்டுக்காரர் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மழைத்தண்ணீர் புகுந்தால் கட்டிலை மாடிக்குத் தூக்குவது குடித்தனக்காரர்தான்.

2. எது யாருடையது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. அது மாட்டியிருக்கும் கம்பம் மின்வாரியத்துடையது. உள்தெரு மாநகராட்சி, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. பெரிய ஏரி நீர்வளத் துறை, குட்டையும் குளமும் உள்ளாட்சி. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு தொலையாது. ஆனால் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. சிட்லபாக்கத்திலோ மாடம்பாக்கத்திலோ பேரூராட்சி நாளில் கொடுத்த மனுவைப் பற்றி இன்றைய உதவிப் பொறியாளருக்கு என்ன தெரியும்? அதிகாரிகள் மாறுவார்கள், அலுவலகமே மாறும், கோப்பு எந்தக் கட்டில் போனதோ யாருக்கும் தெரியாது. அந்தக் கோப்பின் நகல் நம்மிடம் இருக்க வேண்டும். சங்கத்தின் பலம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பீரோவில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

3. ஒரு மனுவில் ஒரு விஷயம். சாலை, சாக்கடை, நாய், கொசு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, “ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று முடித்தால், அவர்களும் பணிவுடன் ஓரமாக வைத்துவிடுவார்கள். எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடுவரை, எத்தனை மீட்டர், சர்வே எண் என்ன, தேதியோடு புகைப்படம் என்று எழுதுங்கள். மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளருக்குப் பாதி வேலை குறையும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனாலும் ஒப்புகைச் சீட்டு முக்கியம்.

பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. “இன்ன தேதியிட்ட மனுவின்மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள்.

4. தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் பேச வேண்டும்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததுதான் காரணம் என்றார்கள். இன்றும் டீக்கடையில் அப்படித்தான் பேச்சு. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கத்தில்தான் அடையாற்றில் வந்து சேர்கிறது. அது முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூருக்கு வந்த வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து வந்தது. காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் மனுவும் தப்பான ஊருக்குப் போகும்.

ஆகையால் கோடையில், தரை காய்ந்திருக்கும்போது, உங்கள் நகருக்குத் தண்ணீர் வரும் வழியைக் காலால் நடந்து பாருங்கள். எந்த ஏரியின் கலங்கலிலிருந்து வருகிறது, எந்த வரத்துக் கால்வாயில் ஓடுகிறது, எங்கே கல்வெட்டுப் பாலத்தின் கண் அடைபட்டிருக்கிறது, எங்கே ஓர் ஆள் மதில் எழுப்பிவிட்டார் என்றெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கிராம வரைபடமும் புலப்படமும் கையில் இருக்கட்டும். நேரில் நீங்கள் பார்க்கும் மூன்றடிச் சாக்கடை, புலப்படத்தில் அகலமான வாய்க்காலாக இருக்கலாம். அந்த ஒரு தாள் பத்து ஆர்ப்பாட்டத்துக்குச் சமம்.

அந்த வழியில் உங்கள் நகரே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவந்தாலும் வரும். புறநகரில் இது புதிதல்ல. தாங்கல் கரை, ஏரிக்கரைத் தெரு என்று தெருப்பெயரே சொல்லிக்கொடுத்துவிடும். அதை மறைத்து வைக்காதீர்கள். பொதுக்குழுவில் வரைபடத்தை விரித்து எல்லோருக்கும் காட்டுங்கள். மனையின் விலை குறைந்துவிடும் என்று சிலர் கத்துவார்கள். கத்தட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். இரவோடு இரவாகச் சாலையை வெட்டித் தண்ணீரைப் பக்கத்து நகருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஜேசிபிக்காரர் நம்பரும் அவரிடமே இருக்கும். சம்மதிக்காதீர்கள். அவர்களும் நாளைக்கு ஒரு ஜேசிபி கொண்டுவருவார்கள். அதற்குப் பதிலாக மேல்பக்கச் சங்கத்தையும் கீழ்பக்கச் சங்கத்தையும் மழைக்கு முன்னாலேயே கூப்பிட்டு ஒரே மனுவில் கையெழுத்துப் போடவையுங்கள். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-ல் மாவட்டம் பிரிந்தபின் ஒரே வெள்ளத்துக்கு இரண்டு ஆட்சியர்கள். அவர்களை ஒரே நேரத்தில் அசைக்க ஒற்றை நகரின் லெட்டர்பேடு போதாது.

5. புதுச் சாலை போடுகிறார்கள் என்றதும் கைதட்டாதீர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா என்று பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயரும், வீடு பள்ளமாகும். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிற தெருக்கள் நம் பக்கத்தில் எத்தனை! பழைய மேல்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவிட்டார். அந்த உத்தரவின் நகலை மேஸ்திரியிடம் காட்டிப் பயனில்லை; ஒப்பந்தம் விடும் முன்பே பொறியாளரிடம் கொடுங்கள்.

6. பூங்கா மனையின் தானப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பெரிய மனைப்பிரிவுகளில், பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால், பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. கொடுக்காமல் விட்ட இடத்தில் முதலில் கல் இறங்கும், அப்புறம் ஒரு கொட்டகை, அப்புறம் புதிதாக ஒரு மனை எண். சில இடங்களில் பிள்ளையாரே வந்துவிடுவார். அவரை எழுப்புவது யாராலும் ஆகாது. பத்திரம் கிடைத்தால் நகலெடுத்து மாநகராட்சியில் கொடுத்து, வேலியும் பெயர்ப்பலகையும் கேளுங்கள்.

7. நாய்ச் சண்டையில் இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பதுதான் உங்கள் விதி. 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்க்கு உணவிடும் இடத்தையும் நேரத்தையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின்மீதே வைத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, முதியவர் நடக்கும் பாதை இவற்றைத் தவிர்த்து ஓர் இடம் குறியுங்கள். கருத்தடை வண்டியைக் கூப்பிடும் வேலையை, நாய்க்குச் சோறு போடுகிறவரிடமே ஒப்படையுங்கள். அவர் கூப்பிட்டால்தான் நாய் வரும்.

8. கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்த மனிதரையும் இறக்க விடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். வீட்டுக்காரர் அவசரம் என்பார், ஒப்பந்தக்காரர் ஒரு நிமிஷ வேலை என்பார். செயலாளர் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். கழிவுநீரை உறிஞ்சி எடுக்கும் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்றும் ஒரு நாள் பின்னாலேயே வண்டியில் போய்ப் பாருங்கள்.

9. சந்தா கட்டாதவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதற்கப்புறம் அவர் ஒருநாளும் கட்ட மாட்டார்.

10. கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், மேடையில் நாற்காலி போடுங்கள். சங்கத்தின் பேனரில் கட்சிக் கொடி வேண்டாம். பகுதி சபைக்கும் வார்டு குழுவுக்கும் 2022-ல் விதிகள் வந்துவிட்டன. பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கேட்டு, இரண்டு பேராவது போய் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவு செய்யவையுங்கள். தனியாகப் போய்க் காதில் சொன்ன கோரிக்கை அவர் பதவியோடு போய்விடும்.

பூங்கா, மழைநீர் வடிகால் போன்ற வேலைக்கு நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டி வேலையை வாங்கலாம். பணம் சேர்ப்பது கஷ்டம். ஆனால் காசு போட்டவர் வேலை நடக்கும்போது வாசலில் நின்று ஜல்லியை எண்ணுவார்; அப்படி ஒரு மேற்பார்வை வேறெங்கும் கிடைக்காது.

11. பொறுப்பை விட்டு இறங்கும் நாளுக்கு இன்றே ஏற்பாடு செய்யுங்கள். இப்போதே இளையவர் ஒருவரை, கூடுமானால் ஒரு பெண்ணை, எல்லா அலுவலகத்துக்கும் உடன் அழைத்துப் போங்கள். பகலில் நகரில் என்ன நடக்கிறது என்று பெண்களுக்குத்தான் தெரியும். கைமாற்றும்போது சாவியை மட்டும் கொடுக்காமல் தீர்மானப் புத்தகம், ரசீதுக் கட்டு, மனு நகல்கள், வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். புதிய நிர்வாகிகள் பெயரைப் பதிவாளரிடம் கொடுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகல் கேட்பார்கள். பொதுக்குழு முடிந்த அன்றே அதில் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுநாள் அவர் மகளைப் பார்க்க பெங்களூரு போய்விட்டால் மூன்று மாதத்துக்குக் காவலாளி சம்பளம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.