ஓடிய வண்டியும் நிற்கும் சட்டமும்
(பதினோராம் வகுப்பு மாணவியர்)



சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. விடியற்காலையில் சைக்கிளில் பால் ஊற்றச் சென்ற அவளுடைய தந்தையை ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்தது. தாயின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. “வண்டி நம்பரே தெரியாது, யாரிடம் போய்க் கேட்பது? ஒன்றும் கிடைக்காது” என்றே அக்கம் பக்கத்தார் கூறினர். அவர்களும் நம்பிவிட்டனர். நாங்களும் அவ்வாறே நம்பினோம். குடிமையியல் வகுப்பில் இதுபற்றி ஆராயத் தொடங்கிய பிறகே அந்த நம்பிக்கை தவறு என்று அறிந்தோம். நாங்கள் அறிந்ததை உங்களுடனும் உங்கள் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஓட்டுநரின் கடமை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஆம் பிரிவு, விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். போலீசார் கேட்கும் விவரங்களைத் தர வேண்டும். போலீசார் அங்கே இல்லையெனில் விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டத்தின் சினத்துக்கு அஞ்சி அவ்விடத்தில் நின்று உதவ முடியாமற்போகலாம்; அதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. ஆனால் அந்த அச்சம், காவல் நிலையத்துக்குச் செல்லாதிருக்கக் காரணமாகாது. இக்கடமைகளில் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

கவனக்குறைவால் ஓர் உயிர் போய்விட்டால் தண்டனை பெரிது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதனை ஐந்து ஆண்டு வரை உயர்த்தியது. தெரிவிக்காமல் ஓடிவிட்டால் பத்து ஆண்டு வரை சிறை என்றும் அப்பிரிவில் ஓர் உட்பிரிவு எழுதப்பட்டது. லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

வண்டி தெரியாவிட்டால்?

தண்டனை ஓடியவருக்கு. ஆனால் விழுந்து கிடப்பவருக்கு? இதுவே எங்களுக்கு முக்கியமாகப்பட்ட கேள்வி.

வண்டி இன்னதென்று தெரிந்தால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடரலாம். வயது, வருமானம், அவரை நம்பியிருப்போர் ஆகியவற்றைக் கணக்கிட்டு அங்கே தொகை விதிப்பார்கள். வண்டி தெரியாதபோதும் வழி உண்டு. 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதன்முதலாக இதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அப்போது இறப்புக்கு 5,000 ரூபாய், படுகாயத்துக்கு 1,000 ரூபாய். 1994-இல் அவை 25,000, 12,500 ஆயின. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2,00,000 ரூபாயும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் தரப்படுகின்றன. எலும்பு முறிவும் சட்டப்படி படுகாயமே என்பதை அறிந்தபோது நாங்கள் எங்கள் தோழியை நினைத்துக்கொண்டோம்.

விண்ணப்பிப்பது எப்படி?

1. முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற வேண்டும்.
2. காயச் சான்றிதழ், அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றிதழும், அடையாளச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.
3. விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்ற விசாரணை அதிகாரியிடம் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.
4. அவர் ஒரு மாதத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆட்சியர் 15 நாளில் ஆணையிட வேண்டும். அடுத்த 15 நாளில் பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

பின்னர் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு வேறு இழப்பீடு கிடைத்தால், முன்பு பெற்ற தொகை அதில் கழிக்கப்படும்.

கேட்பவர் எத்தனை பேர்?

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. ஆனால் 2022-23 நிதியாண்டில் இத்திட்டத்தின் கீழ் வந்த விண்ணப்பங்கள் 205 மட்டுமே! கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்நிலையைக் கண்டு கவலை தெரிவித்தது. ஒரு மாதத்துக்குள் வண்டி தெரியவராவிட்டால், இப்படியோர் இழப்பீடு உண்டு என்று பாதிக்கப்பட்டோருக்குப் போலீசாரே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

பார்த்தவர் கடமை

“உதவினால் சாட்சிக்கு அலைய வேண்டும்” என்ற அச்சம் பலரிடம் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அச்சத்தைப் போக்கியது. நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது வழக்கோ குற்றச்சாட்டோ கிடையாது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆகவே முதலில் 108-ஐ அழைப்போம். வண்டியின் எண்ணை, முழுமையாகத் தெரியாவிட்டாலும் கண்ட இலக்கங்களை, நிறத்தை, சென்ற திசையை உடனே குறித்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு உதவ ஏற்பட்டது என்பதையும் நினைவில் கொள்வோம்.

இந்தச் சட்டப் பிரிவு உதவுபவரை ‘நல்ல சமாரியர்’ என்றே அழைக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட உவமையிலும் அடித்தவர்கள் ஓடிவிட்டனர்; பார்த்தவர்கள் விலகிச் சென்றனர். ஒருவர் மட்டும் நின்றார். காயத்தைக் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துச் செலவையும் ஏற்றார். இழப்பீடு என்பதன் பொருள் எங்களுக்கு அங்கேதான் விளங்கியது.

எங்கள் தோழியின் தாயுடன் சென்று நாங்கள் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோம். இதை எழுதும்போது முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் “ஒன்றும் கிடைக்காது” என்று அந்த வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. இன்று மாலை உங்கள் வீட்டிலும், பக்கத்து வீட்டிலும் இதைப் படித்துக் காட்டுங்கள்.