குட்டி குவாட் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் 110 சிசி குவாட் பைக் ஒன்று நிற்கிறது. பிள்ளைகளுக்காக வாங்கியது, இப்போது மட்டை இழுக்கிற வேலையும் அதற்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறையிலிருந்து வந்தவர் வந்ததும் வராததுமாகக் கார்புரேட்டரைக் கழற்றினார். மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பார்த்தால், வண்டியின் பின்பக்கம் செருகியிருக்க வேண்டிய சிவப்புக் கயிற்றின் கிளிப், மச்சான் மகனின் டவுசர் பாக்கெட்டில் கிடந்தது.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான்: முதலில் சுவிட்ச், பிறகு பேட்டரி, பிறகு பிளக், பிறகு பெட்ரோல். கார்புரேட்டரைப் பிரிப்பது கடைசி.

வண்டியைத் திறந்தவெளியில், சமதளத்தில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுங்கள். இது தானியங்கி கிளட்ச் வண்டி. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் அழுத்திய நிலையில் ஸ்டார்ட் ஆனால் ஆள்மேல் பாய்ந்துவிடும்.

சிறுவர்களுக்கான வண்டி என்பதால், ஓடவிடாமல் தடுக்கவே இதில் பல சுவிட்சுகள் உண்டு. சாவி, ஹேண்டில்பாரில் சிவப்பு கில் சுவிட்ச், இழுத்தால் என்ஜினை அணைக்கும் கயிறு, சில மாடல்களில் ரிமோட். இவை போக, நியூட்ரலில் இருந்தால்தான், பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் அடிக்கும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் லீவருக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்சில் சேறு அடைத்திருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம். சோதனைக்காக இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கலாம். ஆனால் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இனி பட்டனை அழுத்திக் காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையா? பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். டெர்மினலில் உப்பு பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். "டிக் டிக் டிக்" என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜில் போட வேண்டியதுதான். நின்றபடி நன்றாகக் காட்டிவிட்டு, பட்டனை அழுத்தியதும் ஒன்பதுக்குக் கீழே சரிந்தால் அந்தப் பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது. கார் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுப்பதானால், காரின் என்ஜின் அணைந்திருக்கட்டும். "டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றால் செல்ஃப் ரிலே, எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் மூன்றில் ஒன்று. எர்த்தில் தொடங்குங்கள், அதற்குக் காசு செலவில்லை.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பெரும்பாலும் ஆட்கள் வந்து சிக்கிக்கொள்வது இங்கேதான். ஐந்து விநாடிக்கு மேல் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். கொஞ்சம் விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகிவிடும்.

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். அது என்ன சொல்கிறது என்பதுதான் மீதி வேலையைத் தீர்மானிக்கிறது. பெட்ரோல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, கரண்ட் வரவில்லை, அல்லது சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோய் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. முனை காய்ந்து, வாசனையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை. கரி அப்பியிருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குள் வையுங்கள். புது பிளக் மலிவுதான். என்ஜிகே சி7எச்எஸ்ஏ பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். இருந்தாலும் பழையதில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டே வாங்குங்கள்.

கரண்ட் பார்க்க, பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடல் என்ஜினைத் தொடும்படி, பிளக் ஓட்டைக்கு எட்டத்தில், ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலமாகச் சுள்ளென்று பொறி தெறித்தால் சரி. மஞ்சளாக மினுக்கினால் காயில் அல்லது பிளக் கேப் போதவில்லை. ஒன்றுமே இல்லையென்றால், சிடிஐ பெட்டிக்குப் போகும் கில் ஒயரை (பலவற்றில் கறுப்பில் வெள்ளைக் கோடு) மட்டும் கழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். இப்போது பொறி வந்தால் சிடிஐயும் காயிலும் நல்லவை. குற்றவாளி சாவி, கில் சுவிட்ச், கயிறு இவற்றில் ஒன்று. அப்படியும் வரவில்லையென்றால் சீட்டைத் தூக்கி ஒயர்களை விரலால் தடவிப் பாருங்கள். தேங்காய் இருக்கும் கொட்டகையில் எலி இல்லாமல் இருக்காது. எங்கள் வண்டியில் இரண்டு முறை ஒயரைக் கடித்திருக்கிறது.

பெட்ரோல் பக்கம் வருவோம். டேப் திறந்திருக்கிறதா? டேங்க் மூடியில் காற்று போகும் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது; மூடியைத் தளர்த்தினால் தெரிந்துவிடும். பிறகு கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் கண்ணாடி முத்துகள்போல் உருண்டால் அது தண்ணீர். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்தால் டேங்கை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். சோக் போட்டால் பிடித்து, எடுத்ததும் அணைகிறதா? பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்ற நியாயம் இப்போதுதான் வருகிறது. ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்துங்கள். தோப்பில் ஈர்க்குக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்த ஓட்டைக்கு அது பருமன்.

ஓவர்ஃப்ளோ ஆனதற்கு வைத்தியம் எளிது: சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, நியூட்ரலில் சில விநாடி அடிப்பது. பிடித்த மறுகணம் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள்.

கரண்டும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, இன்னும் பிடிக்கவில்லையா? பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிவிட்டுக் காற்று பீறிட வேண்டும். தள்ளவில்லையென்றால் டேப்பெட் இறுகியிருக்கலாம். இந்த என்ஜின்களில் பெரும்பாலானவை ஹோண்டாவின் படுக்கை என்ஜின் வம்சம். ஹீரோ ஹோண்டா சிடி 100 பிரித்துப் பழகிய மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். என்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. என்பது வழக்கமான அளவு.

அவரைக் கூப்பிடும்போது "ஸ்டார்ட் ஆகலண்ணா" என்று மட்டும் சொல்லாமல், "செல்ஃப் அடிக்குது, கரண்ட் வருது, பிளக் நனைஞ்சிருக்கு, விரலைத் தள்ளல" என்று சொல்லுங்கள். சரியான சாமானோடு வருவார். அதற்குமுன் சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். போன ஐப்பசியில் எங்கள் வண்டியில் அங்கே குளவி கூடு கட்டியிருந்தது.